கேட்டுக்குப் பலகை போட்டால் வெள்ளம் நிற்குமா? (வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்க்காரர்கள் பார்க்கவும்)

தரைத்தளவாசி | 7 ஜூலை 2024

வேளச்சேரியில் சொந்த வீடு, தரைத்தளம். 2015-ல் இடுப்பளவு, போன டிசம்பர் மிக்ஜாமில் முழங்காலுக்கு மேல். இந்த ஐப்பசிக்குள் ஏதாவது பண்ணியே ஆக வேண்டும். அலுமினியத்தில் கழற்றி மாட்டுகிற வெள்ளத் தடுப்புப் பலகை ஆன்லைனில் விற்கிறார்கள். கேட்டுக்கு இரண்டு பக்கமும் சேனல் அடித்து, 4 அடி உயரத்துக்குப் பலகை சொருகிவிட்டால் தண்ணீர் உள்ளே வராது என்கிறார் விற்கிறவர். காம்பவுண்டு சுவர் சுற்றிலும் இருக்கிறது. போடலாமா?

கிணற்றடி | 7 ஜூலை, இரவு 10.20

வரும்.

கிணற்றடி | 8 ஜூலை

ஒற்றைச் சொல்லில் பதில் போட்டால் இன்பாக்ஸில் வந்து திட்டுகிறீர்கள். சரி, விவரமாக.

நானும் வேளச்சேரிதான், நானும் தரைத்தளம்தான். மிக்ஜாம் வருவதற்கு முந்தைய ராத்திரி வாசற்கதவுக்கு வெளியே பிளைவுட் வைத்து, அதன் மேல் தார்ப்பாய் சுற்றி, ஓரமெல்லாம் சிலிக்கான் அடித்து வைத்தேன். மறுநாள் தெருவில் முழங்கால் தண்ணீர். வாசலில் ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ரொம்பப் பெருமையாக ஃபோட்டோ எடுத்து குடும்ப குரூப்பில் போட்டுவிட்டுத் திரும்பினால், பாத்ரூமில் குளுக் குளுக் என்று சத்தம். தரையில் இருக்கிற ஜல்லடையிலிருந்து முதலில் குமிழி வந்தது. பிறகு கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு கிளம்பி வந்தன. அவற்றின் பின்னாலேயே கறுப்புத் தண்ணீர். ஒரு மணி நேரத்தில் ஹாலில் கணுக்கால் அளவு, வாசற்படி மட்டும் காய்ந்து கிடக்கிறது.

தெருவில் 2 அடி தண்ணீர் நின்றால் அது மேன்ஹோல் வழியாகச் சாக்கடைக் குழாயிலும் இறங்கி நிரப்பும். அந்தக் குழாய் உங்கள் வீட்டுச் சேம்பருக்கு வருகிறது, சேம்பர் பாத்ரூமுக்கு வருகிறது. தெருத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உங்கள் வீட்டில் என்ன ஓட்டை இருந்தாலும் அது ஊற்றுக்கண் மாதிரி திறந்துகொள்ளும். கேட்டில் நீங்கள் வைக்கிற பலகைக்கு அது தெரியாது.

ஆகவே பலகை வாங்குவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "என் வீட்டுக்குத் தண்ணீர் எந்த வழியாக முதலில் வந்தது?" 2015-ல் எல்லாப் பக்கமிருந்தும் வந்ததால் யாரும் கவனித்திருக்க மாட்டோம். மிக்ஜாமில் கவனித்திருப்பீர்கள். நினைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

கிணற்றடி | 8 ஜூலை, பிற்பகல்

தரைத்தளவாசியின் பதில்: "ஆமா சார், எங்களுக்கும் முதல்ல டாய்லெட்லதான் வந்துச்சு."

பாருங்கள்.

கிணற்றடி | 11 ஜூலை

4 அடி விஷயம். இதை விட்டுவிட்டுப் போனால் யாராவது நிஜமாகவே 4 அடிக்குப் போட்டுவிடுவார்கள்.

தேங்கி நிற்கிற தண்ணீர் பலகையைத் தள்ளும் விசை உயரத்தோடு நேராக ஏறாது, உயரத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஒரு மீட்டர் அகலத்துக்குக் கணக்குப் போட்டால் 1 அடித் தண்ணீருக்குச் சுமார் 46 கிலோ, 2 அடிக்கு 186 கிலோ, 3 அடிக்கு 418, 4 அடிக்கு 743. உங்கள் கேட் 10 அடி அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அடியில் அரை டன்னுக்குக் கொஞ்சம் மேல், 4 அடியில் இரண்டே கால் டன். ஓட்டம் இல்லாமல் சும்மா நிற்கிற தண்ணீருக்கே இவ்வளவு.

பலகை தாங்கலாம். பலகையைப் பிடித்திருக்கிற கேட் தூண் தாங்குமா? நம் ஊர் காம்பவுண்டு சுவர் முக்கால்வாசி நாலரை அங்குலச் செங்கல், மேலே பூச்சு, அஸ்திவாரம் என்று சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று. வெளியே 4 அடி, உள்ளே காய்ந்த தரை என்றால் அது விழும். மெதுவாக நிரம்பியிருக்க வேண்டிய தண்ணீர் சுவரோடு சேர்ந்து ஒரே தடவையில் உள்ளே பாயும். அந்த நேரத்தில் பின்னால் யாராவது நின்றால் என்னாகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாதாரண வீட்டுச் சுவர் மேல் 3 அடிக்கு மேல் வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தாதீர்கள் என்று அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா சொல்கிறது. இங்கிலாந்தில் பொதுவாகச் சொல்லும் அளவு 60 செ.மீ., அதாவது நம் 2 அடி. அது அவர்கள் ஊர்ச் சுவருக்குச் சொன்னது. நம் சுவருக்கு 2 அடியே தாராளம். 2 அடிக்கு மேல் ஏறப்போகிறது என்று தெரிந்தால் பலகையைக் கழற்றித் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு மாடிக்குப் போய்விட வேண்டும். கேட்க வயிறு எரியும்தான்.

கிணற்றடி | 11 ஜூலை, சற்றுக் கழித்து

"அப்போ 2015 மாதிரி வந்தா இதெல்லாம் வேஸ்ட்டா?" ஆமாம். பலகை 2023-க்கு, 2015-க்கு இல்லை.

கிணற்றடி | 19 ஜூலை

மணல் மூட்டை பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள்.

மணல் மூட்டையை யாரும் கேவலமாக நினைக்க வேண்டாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் அடித்துப்போனபோது, ஓடுகிற ஆற்றுக்குள் உடைப்பை அடைத்தது மூட்டையும் பாறாங்கல்லும்தான். தஞ்சாவூர்ப் பக்கம் ஆற்றங்கரை உடைப்பு அடைத்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், சவுக்குக் கட்டை அடித்து, வைக்கோலும் மண்ணும் போட்டு. நம் ஊரில் இந்தத் தொழிலுக்கு ஒரு சாமியே உண்டு. வைகை உடைத்தபோது வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு, வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, கூலிக்கு வந்தவர் உதிர்ந்த பிட்டை வாங்கித் தின்றுவிட்டுத் தூங்கி, பிரம்படி பட்டார். எங்கள் அசோசியேஷனில் வீட்டுக்கு ஓர் ஆள் வாருங்கள் என்றால் பிட்டு தின்னும் கட்டம் வரைக்கும்தான் ஆள் வருகிறது.

ஆனால் வீட்டு வாசலுக்கு மூட்டை என்றால் சில விஷயம். சாக்கை முட்ட நிரப்பாதீர்கள். பாதி, அதிகம் போனால் மூன்றில் இரண்டு பங்கு. முட்ட நிரப்பினால் கல்லாட்டம் உருண்டையாக நின்று இடையில் சந்து விழும், பாதி நிரப்பினால் படிந்து உட்காரும். செங்கல் அடுக்குகிற மாதிரி இணைப்பு மேல் இணைப்பு வராமல் மாற்றி வையுங்கள். உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு அகலம் அடிப்பக்கத்தில் வேண்டும், ஒற்றை வரிசையை 2 அடிக்கு ஏற்றினால் சரியும். தண்ணீர் பக்கம் தார்ப்பாயைப் போட்டு அதன் முனையை மூட்டைக்கு அடியில் சொருகுங்கள்.

கடைசியில் ஒரு தொல்லை. சாக்கடைத் தண்ணீரில் ஊறிய மணலை எங்கே கொட்டுவது? எங்கள் தெருவில் மிக்ஜாம் மூட்டைகள் வெயிலில் சாக்கு நைந்து பிய்ந்து, பொங்கல் வரைக்கும் கிடந்து, மணல் முழுக்க மழைநீர் வடிகாலுக்குள் போய்ச் சேர்ந்தது. அடுத்த வெள்ளத்துக்கு நாமே போட்ட முன்பணம்.

கிணற்றடி | 2 ஆகஸ்ட்

"ஃபாரின்ல எல்லாம் கண்ணாடி மாதிரி சுவர் வச்சு ஊரையே காப்பாத்துறான், நமக்கு மட்டும் சாக்கு மூட்டையா" என்று ஒரு நண்பர். நியாயமான பொறாமை. ஆனால் அந்த ஃபோட்டோக்களில் தெரியாத பாகம்தான் முக்கியமான பாகம்.

ஆஸ்திரியாவில் தன்யூப் கரையில் கிரைன் என்று சின்ன ஊர். 2013 ஜூனில் ஆறு பலகைத் தடுப்பின் விளிம்பைத் தொடுகிற அளவுக்கு ஏறியும் ஊர் நனையவில்லை. பார்த்தால் வெறும் அலுமினியப் பலகை. கீழே? ஆண்டு முழுக்க அங்கேயே இருக்கிற கான்கிரீட் அடித்தளம், தூண் இறக்குவதற்கென்று அதில் பதித்த இரும்பு. பலகைதான் வந்து போகிறது, வேலையின் பெரும்பகுதி மண்ணுக்குள் நிரந்தரமாக இருக்கிறது. அடியில் தண்ணீர் ஊறி அந்தப் பக்கம் கிளம்புவதைத் தடுப்பதும் அந்த அடித்தளம்தான்.

செக் நாட்டுத் தலைநகர் பிராகிலும் அப்படித்தான். 2002 ஆகஸ்டில் பழைய நகரத்துப் பக்கம் மட்டும் பலகைத் தடுப்பு தயாராக இருந்தது, அது பிழைத்தது. தடுப்பு வராத கார்லீன் பகுதி மூழ்கியது, மெட்ரோவுக்குள்ளும் தண்ணீர் போனது. மிச்ச வேலையை முடித்த பிறகு 2013-ல் வந்த வெள்ளத்தில் நகரத்தின் நடுப்பகுதி தப்பியது.

அடித்தளமே இல்லாமல் ரோட்டின் மேல் அப்படியே நிறுத்துகிற வகையும் உண்டு. இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரை அயர்ன்பிரிட்ஜில் 2020 பிப்ரவரியில் அப்படி ஒரு தடுப்பு உடையவில்லை, ஆனால் தண்ணீர் தள்ளியதில், தான் நின்ற இடத்திலிருந்து நகர்ந்துவிட்டது. அந்தத் தெருக்காரர்களை வெளியேறச் சொன்னார்கள். உடைவது மட்டும் தோல்வி இல்லை. வழுக்குவதும் தோல்விதான். விற்கிறவர் காட்டும் வீடியோவில் பலகை வளைகிறதா என்றுதான் நாம் பார்க்கிறோம், அடி நகர்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

கிணற்றடி | 3 ஆகஸ்ட்

மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஒருவர் "ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி வீட்டைச் சுற்றிப் போடுகிறார்களே, அதற்கு அடித்தளமும் வேண்டாம், சேனலும் வேண்டாம்" என்கிறார். அக்வாடாம் என்கிற அந்தச் சரக்கு. 2016-ல் டெக்சாஸில் ரோஷாரன் என்ற இடத்தில் ஒருவர் வீட்டைச் சுற்றிப் போட்டார், சுற்றிலும் வெள்ளம், நடுவில் பச்சைப் புல்லோடு வீடு. விலை 8,000 டாலருக்கு மேல். அவருக்கு வேலை செய்தது, அதில் சந்தேகமில்லை.

அதே சரக்கின் பெரிய அண்ணன் கதையையும் கேளுங்கள். 2011-ல் நெப்ராஸ்காவில் மிசௌரி ஆறு பெருகி, ஃபோர்ட் கல்ஹூன் அணுமின் நிலையத்தைச் சுற்றி வளைத்தது. 8 அடி உயரம், 2,000 அடி நீளத்துக்கு நீர் நிரப்பிய தடுப்பு போட்டிருந்தார்கள். ஆறு அதை ஒன்றும் செய்யவில்லை. ஜூன் 26 அன்று உள்ளே வேலை செய்துகொண்டிருந்த ஒரு சின்ன மண்வாரி வண்டி இடித்துக் கிழித்தது. மொத்தமும் படுத்துவிட்டது. நிலையம் ஏற்கெனவே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, முக்கியக் கட்டடங்களுக்குத் தனிப் பாதுகாப்பு இருந்தது, அதனால் ஆபத்து இல்லை.

நமக்கு இது சரிப்படாததற்குக் காரணம் மண்வாரி வண்டி இல்லை, இடம். குழாய் நிரம்பினால் உயரத்தைப் போலச் சுமார் இரண்டு மடங்கு அகலம் பிடிக்கும். பக்கவாட்டில் மூன்றடிச் சந்து வைத்திருக்கிற வீட்டில் எங்கே படுக்க வைப்பது? அதோடு அதை நிரப்பத் தண்ணீர் வேண்டும். வெள்ளத்தைத் தடுக்க லாரித் தண்ணீர் புக் பண்ணிய முதல் ஊர் என்று பெயர் வாங்கிவிடுவோம்.

கிணற்றடி | 3 ஆகஸ்ட், இரவு

ஈசிஆர் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும்: மணல் இல்லாமல் தண்ணீர் பட்டதும் ஊதிப் பெருக்கிற மூட்டை விற்கிறார்கள் இல்லையா, உள்ளே இருப்பது குழந்தைகள் டயப்பரில் இருக்கும் அதே பொடி. உப்புத் தண்ணீரில் சரியாக ஊதாது. கடல் ஏறும் இடத்தில் அதை நம்ப வேண்டாம்.

கிணற்றடி | 14 செப்டம்பர்

இத்தனையும் பேசிவிட்டு நானே பலகை போட்டாச்சு. சிரிக்க வேண்டாம், முதலில் மற்றதை முடித்துவிட்டுத்தான் போட்டேன்.

முதல் வேலை, தெருவுக்குப் போகும் கடைசிச் சேம்பரில் என்ஆர்வி, அதாவது ஒருபக்கமாக மட்டும் திறக்கும் வால்வு. பிளம்பர் "இதெல்லாம் எதுக்கு சார், அடைச்சுக்கும்" என்றார். அடைத்துக்கொள்ளத்தான் செய்யும், மழைக்கு முன் ஒருதரம் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். தரை ஜல்லடைகளுக்குத் திருகினால் விரிந்து இறுக்கும் ரப்பர் அடைப்பான், குழாயைச் சோதிக்கும்போது பிளம்பர்கள் போடுகிற டெஸ்ட் பிளக்தான் அது. தலைக்குச் சில நூறு ரூபாய். ரெண்டு பாத்ரூம், ஒரு பின்கட்டு.

இதில் யாரும் சொல்லாத ஒரு சிக்கல் உண்டு. வால்வு மூடிக்கொண்டால் தெருத் தண்ணீர் உள்ளே வராது, சரி. உங்கள் கழிவும் வெளியே போகாது. எங்கள் மாடியில் குடியிருப்பவர்கள் ஃப்ளஷ் பண்ணினால் அது எங்கே போகும்? சேம்பர் நிரம்பி, மிகவும் தாழ்வான வாய் எதுவோ அங்கே. அந்த வாய் என் பாத்ரூம். மாடி மாமியிடம் போய், "மழை நேரத்துல நான் ஃபோன் பண்ணினா டாய்லெட்டுக்குத் தண்ணி ஊத்தாதீங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "எவ்வளவு நேரத்துக்குப்பா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பலகைக்கு ஆன்லைனில் வாங்கவில்லை. பக்கத்துப் பட்டறை அண்ணன் அலுமினியம் செக்‌ஷனை வெட்டி அடித்துக் கொடுத்தார். இரண்டு பக்கமும் யூ சேனல், கேட் தூணுக்குள் நீளமான ஆங்கர் போல்ட். பலகைக்குப் பலகை நடுவில் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பர், மேலிருந்து இறுக்க கிளாம்ப். உயரம் 2 அடி, அதற்கு மேலும் போடலாம் என்று அவரே சொல்லியும் நான் விடவில்லை.

கஷ்டம் அடியில்தான். எங்கள் ரேம்ப் தரை ஒரு ஓரம் ஏறி ஒரு ஓரம் இறங்கியிருக்கிறது. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, வீடு குழிக்குள் போய்விட்டது என்று உங்களுக்கும் தெரியும், அதற்கேற்ப நாமும் ரேம்ப்பை ஒட்டுப் போட்டுக்கொண்டே வருகிறோம். பலகையின் அடி ரப்பர் உட்கார நேரான மட்டம் இல்லையென்றால் மேலே எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனம் இல்லை. ரேம்ப்பைக் குறுக்கே வெட்டி, கான்கிரீட் போட்டு, ரசமட்டம் வைத்து கிரானைட் பட்டை பதித்தோம். ஆகஸ்டில் கிரைன் ஊரைப் பற்றி எழுதியது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பலகையைவிட இந்தப் பட்டைக்குத்தான் அதிகம் செலவானது.

சோதனைக்குப் பலகைக்கு வெளியே செங்கல்லும் களிமண்ணும் வைத்து அரைவட்டமாக ஒரு தொட்டி கட்டி நிரப்பிப் பார்த்தோம். இரண்டு கீழ் மூலையிலும் கசிவு. அண்ணன் அங்கே ரப்பரைத் தனியாக வெட்டி ஒட்டினார். குறைந்தது, நிற்கவில்லை. நிற்காது. எந்தத் தற்காலிகத் தடுப்பும் கசியும், கசிவதை இறைக்க மோட்டார் வேண்டும், மோட்டாருக்குக் கரண்ட் வேண்டும், மழை வலுத்தால் பாதுகாப்புக்காக முதலில் நிறுத்துவது கரண்டைத்தான். பெட்ரோலில் ஓடும் பம்ப் பாருங்கள், இல்லையென்றால் இன்வெர்ட்டர் தாங்கும் அளவுக்குச் சின்ன மட் பம்ப். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தரையிலிருந்து தூக்கி வைத்தீர்களா?

கிணற்றடி | 15 செப்டம்பர்

தரைத்தளவாசி கேட்டது: "கசிவு கொஞ்சம்தானே, பம்ப் எதுக்கு?"

கசிவை விடுங்கள், வானத்திலிருந்து விழுவது? மனை 1,200 சதுர அடி. மிக்ஜாமில் பல இடத்தில் இரண்டு நாளில் 40 செ.மீ.யைத் தாண்டிய மழை. உங்கள் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் மட்டும் விழுந்தது சுமார் 44,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி நாலுக்குக் கொஞ்சம் குறைவு. வெளியே போக வழி கேட் ஒன்றுதான், அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். எந்தப் பக்கம் வெள்ளம் என்று பலகைக்குத் தெரியாது.

நான் மொட்டைமாடிக் குழாயைத் திருப்பிக் காம்பவுண்டு சுவருக்கு மேலாகத் தெருவில் விழும்படி செய்திருக்கிறேன். முற்றத்தின் தாழ்ந்த மூலையில் ஒரு சின்னக் குழி, பம்ப் அதில். மழைநீர்க் கிணறு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், மூன்றாம் நாள் மழையில் நிலமே நிரம்பி அது மேலே பொங்கும்.

கிணற்றடி | 1 அக்டோபர்

ஃப்ளோரிடாவில் ஹெலீன் புயலில் டாம்பா ஜெனரல் மருத்துவமனையைச் சுற்றி வைத்த அக்வாஃபென்ஸ் என்ற தற்காலிக வெள்ளத் தடுப்பின் படம் எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. நன்றாகத் தாங்கியிருக்கிறது, மருத்துவமனை நிற்காமல் நடந்திருக்கிறது. அதை நிறுத்த முன்கூட்டியே நாள் கிடைத்தது, அதற்கென்று பழகிய ஆட்கள் இருந்தார்கள். எனக்கு இருப்பது நானும் பிளஸ் டூ படிக்கும் மகனும், அவன் ஃபோனை வைத்தால்.

கிணற்றடி | 15 அக்டோபர், இரவு

ரெட் அலர்ட். கார் வேளச்சேரி மேம்பாலத்தில். இடம் கிடைத்ததே பெரிது, ரெண்டு பக்கமும் நம் ஆட்கள்தான். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி, இல்லை என்று போலீஸ் சொல்லியாச்சு.

பலகை மாட்டியாச்சு. பிளக் திருகியாச்சு. மாமிக்குச் சொல்லியாச்சு.

கிணற்றடி | 17 அக்டோபர்

தாழ்வு மண்டலம் வடக்கே ஒதுங்கிப் போய்க் கரை ஏறிவிட்டது. நேற்று முழுக்கத் தூறல். ரேம்ப்பில் கணுக்கால்கூட நிற்கவில்லை. பால்காரர் பலகையைத் தாண்ட முடியாமல் பாக்கெட்டை உள்ளே எறிந்து, ஒன்று உடைந்தது. இதுவரைக்கும் தடுப்பு தடுத்த ஒரே பொருள் பால்.

ஆனால் எதிர்வீட்டு சார் வந்து, "நீங்க அடைச்சா உங்க தண்ணி எங்க வீட்டுக்குத்தானே சார் வரும்" என்றார். வந்தது கோபமாக இல்லை, நிஜமாகவே கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டினேன். என் மனையில் 2 அடி நின்றால் 68,000 லிட்டர், அது ஏரி மாதிரி நிற்கிற இத்தனை தெருவுக்கும் பரவினால் அவர் வீட்டு மட்டம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஏறாது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

கிணற்றடி | 18 அக்டோபர்

நேற்றைய கணக்கு ஒரு வீட்டுக்குச் சரி. தெரு முழுக்கப் பலகை போட்டால்? எல்லாரும் போட்டு, வாடகை வீட்டுக்காரரும் கோடித் தெருக் குடிசைக்காரரும் மட்டும் போடாமல் இருந்தால்? 2011-ல் பாங்காக்கில் நகரத்தின் உட்பகுதியைக் காக்கப் பெரிய பெரிய மணல் பைகளை வரிசையாக வைத்தார்கள். தடுப்புக்கு வெளியே மாட்டிய டான் முவாங் பக்கத்து மக்கள் வாரக்கணக்கில் அழுகிய தண்ணீரில் இருந்துவிட்டு, வந்து பைகளைத் தாங்களே இழுத்துப் பிரித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அசோசியேஷன் மொத்தமாக ஆர்டர் கொடுக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடுகிறது, தெருவாகப் போட்டால் இந்தக் கேள்விக்கும் சேர்த்துத்தான் பதில் வைத்திருக்க வேண்டும். எதிர்வீட்டு சாரிடம் இதையும் சொன்னேன். அவர் பட்டறை அண்ணன் நம்பர் கேட்டார்.

கிணற்றடி | 4 டிசம்பர்

ஃபெஞ்சல் புயலில் எங்கள் தெருவில் கணுக்காலுக்கு மேல் நின்றது. பலகை தாங்கியது, மூலைகளில் கசிந்தது, பம்ப் இறைத்தது. அந்த உயரத்துக்குப் பழைய பிளைவுட்டே போதும், அதனால் இதை வைத்து யாரும் எதையும் முடிவு பண்ண வேண்டாம். பிளக்தான் பிழைக்க வைத்தது, பின்கட்டில் திருக மறந்த ஒன்றில் மட்டும் குமிழி வந்து மகன் ஓடிப்போய் திருகினான்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து இந்த இழையைப் பார்த்து இருவர் கேட்டிருக்கிறீர்கள். சாத்தனூரிலிருந்து தென்பெண்ணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் விட்டார்கள். அந்த மாதிரி ஆறு வருகிற இடத்தில் கேட்டுக்குப் பலகை என்பதை மனதிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஓடுகிற தண்ணீர் வேறு, தேங்குகிற தண்ணீர் வேறு. அங்கே பத்திரமும் மாத்திரையும் போட்ட ஒரு பை, போக ஓர் இடம், நேரத்துக்கு வரும் ஒரு எச்சரிக்கை.

கிணற்றடி | 9 ஜனவரி 2025

தரைத்தளவாசி கேட்டதால்: கழற்றும்போது பலகைகளுக்கு மார்க்கரில் நம்பர் போட்டு, எந்தப் பக்கம் வெளியே என்றும் எழுதுங்கள். கிளாம்ப்பும் நட்டும் ஒரே டப்பாவில், டப்பா மாடியில். ரப்பரைக் கழுவிக் காயவைத்து வீட்டுக்குள் வையுங்கள், ஷெட்டில் விட்டால் எலி. என்னுடையது ஏற்கெனவே ஒரு முழம் போச்சு.